பட்டிக்குக் கீழே இருப்பதுதான் வேலை
தொழில் பாடம்: வாகன பாடியில் பட்டி போடுவதும் பெயின்ட்டுக்குத் தயார்செய்வதும்



நம் திருச்சுழி, அருப்புக்கோட்டை, நரிக்குடிப் பக்கத்தில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறைக்கு வேலை பழகப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொந்தமாக லோடு ஆட்டோவோ வேனோ வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அதைவிட அதிகம். வெளிநாட்டிலிருந்து திரும்பியதும் பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று மதுரைக்குப் போகிறவர்களும் உண்டு. இந்த மூன்று தரப்புக்கும் பயன்படும் ஒரு பாடத்தை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். தொழில் பழகுகிறவருக்கு இது கைவேலை. வண்டி வைத்திருப்பவருக்கு, கொடுக்கும் கூலிக்கு என்ன வேலை நடக்க வேண்டும் என்ற அறிவு. வாங்குகிறவருக்கு எச்சரிக்கை.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பட்டி தகட்டுக்குப் பதிலான பொருள் அல்ல. தகட்டைச் சரிசெய்த பிறகு மிஞ்சும் சிறு மேடுபள்ளத்தைச் சமப்படுத்துவது மட்டுமே அதன் வேலை. பெயின்ட்டின் ஆயுளை அதற்குக் கீழே இருப்பதுதான் தீர்மானிக்கிறது.

இரண்டு வகைப் பட்டி

நம் பட்டறைகளில் இரண்டு பட்டி புழங்குகிறது. ஒன்று என்.சி. பட்டி. டப்பாவைத் திறந்து அப்படியே தடவலாம். அதிலுள்ள தின்னர் ஆவியாகிப் போவதால் அது காய்கிறது. ஆவியானது போக மிச்சம் இருப்பதுதான் பட்டி என்பதால், காயக் காயச் சுருங்கும். கனமாகப் போட்டால் மேல் தோல் காய்ந்து அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும். பெயின்ட் அடித்து ஒரு மாதம் கழித்து அந்த இடம் மெல்ல உள்வாங்கி, தேய்த்த கோடுகள் தெரியும். ஆகவே என்.சி. பட்டி மெல்லிய கீறலுக்கும் ஊசித் துளைக்கும் மட்டும்தான்.

மற்றது பாலியஸ்டர் பட்டி. இதில் பிசினும் டால்க் பொடியும் ஸ்டைரின் என்ற திரவமும் உண்டு. தனியாக ஒரு டியூபில் ஹார்டனர் வரும். இரண்டையும் கலந்தால் வேதிவினை நடந்து பட்டி இறுகுகிறது. காய்வது வேறு, இறுகுவது வேறு என்பதைத் தம்பிகள் மனதில் வைக்க வேண்டும். இறுகும் பட்டி சுருங்குவது மிகக் குறைவு. பள்ளம் நிரப்ப இதுதான் சரியான பொருள். 1950களில் அமெரிக்காவில் இது புழக்கத்துக்கு வரும் முன், பள்ளத்தில் ஈயக் கலவையை உருக்கித்தான் நிரப்பினார்கள். அந்தப் புகையும் தூசியும் விஷம். இப்போதைய பட்டி அந்த ஆபத்தை நீக்கியது. அதற்கென்று வேறு ஆபத்துகள் உண்டு, கீழே சொல்கிறோம்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

நம் ஊர் வண்டிகளுக்கு வரும் கேடு பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, கீறல். கண்மாய்க்கரைப் பாதையில் இருபக்கமும் சீமைக்கருவேல முள் உரசிக் கதவெல்லாம் கோடு விழும். இதற்குப் பாலியஸ்டர் பட்டி தேவையே இல்லை. கீறலின் ஓரத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, பிரைமர் சர்ஃபேசர் அடித்தாலே போதும்.

இரண்டாவது, பள்ளம். தகடு நசுங்கியிருக்கும், ஓட்டை இருக்காது. இதுதான் டிங்கரும் பட்டியும் சேர்ந்து செய்யும் வேலை.

மூன்றாவது, துரு. பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தால், பெரும்பாலும் துரு உள்பக்கத்திலிருந்து வெளியே வந்திருக்கிறது என்று பொருள். கதவின் அடிவிளிம்பு, மட்கார்டு வளைவு, டிக்கியின் தரை ஆகிய இடங்களைப் பாருங்கள். தகடு அரித்து ஓட்டையாகிவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது ஒன்றே வழி. ஓட்டையில் பேப்பரையோ துணியையோ திணித்து மேலே பட்டி பூசுவது வேலையே அல்ல. பட்டியில் உள்ள டால்க் ஈரத்தை இழுக்கும். உள்பக்கத்து ஈரத்தைக் குடித்துக்கொண்டு துரு வளரும். அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்புளம் மீண்டும் வந்துவிடும்.

ஒரு கதவை எடுத்துக்கொள்வோம்

கார்க் கதவின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. கழுவுதல். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, கிரீஸ் ரிமூவர் போட்டுத் துடைக்க வேண்டும். தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் போன்றவற்றில் சிலிகான் இருக்கும். அதைத் துடைக்காமல் தேய்த்தால் உப்புத்தாளே அதைத் தகட்டுக்குள் அழுத்திவிடும். பிறகு பெயின்ட் அடிக்கும்போது மீன் கண் போலச் சிறுசிறு வட்டங்களாகப் பெயின்ட் விலகி நிற்கும். ஒரு துணியால் ஈரமாகத் துடைத்து, அது காயும் முன் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பதே முறை.

2. தட்டி எடுத்தல். சுத்தியும் டோலியும் கொண்டு பள்ளத்தை முடிந்தவரை பழைய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். கார் வெளித் தகட்டின் கனம் ஏறக்குறைய 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்தான். கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து சுமார் 0.1 மில்லிமீட்டர். இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் பட்டி என்பதே தகட்டைப் போல நான்கு மடங்கு. அதற்கு மேல் போகக் கூடாது. ஒன்று, இரண்டு மில்லிமீட்டருக்குள் முடிப்பவரே நல்ல டிங்கர். கனமான பட்டி, மேடுபள்ளச் சாலையில் தகடு அதிரும்போது வெடிக்கும். தட்டும்போது எங்கும் மேடு விடாதீர்கள். பள்ளத்தைப் பட்டி நிரப்பும், மேட்டை எந்தப் பட்டியும் மறைக்காது.

3. பெயின்ட்டை நீக்குதல். பள்ளத்தைச் சுற்றி நான்கு விரல்கடை அகலம் வரை 80-ஆம் நம்பர் தாளால் பெயின்ட்டை எடுத்து வெறும் தகட்டைக் காட்ட வேண்டும். பளபளக்கும் பழைய பெயின்ட்டின் மேல் பட்டி பிடிக்காது. தாள் போட்ட கோடுகளில்தான் பட்டி கவ்விக்கொள்கிறது. பெயின்ட் முடியும் ஓரத்தைப் படிக்கட்டுப் போல விடாமல், விரலால் தடவினால் தெரியாத அளவு சரிவாக்க வேண்டும். வெறும் தகட்டை இரவு முழுவதும் திறந்து போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரே இரவில் துருப் படியும். எட்ச் பிரைமர் எனப்படும் அமிலப் பிரைமரின் மேல் பாலியஸ்டர் பட்டி போடக் கூடாது. அமிலம் பட்டியைச் சரியாக இறுக விடாது.

4. கலத்தல். வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் என்பது பொதுக் கணக்கு. டப்பாவில் வேறு அளவு எழுதியிருந்தால் அதுதான் சட்டம். கண்ணளவில் போடாமல், சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்டனர் குறைந்தால் பட்டி பிசுபிசுப்பாகவே இருக்கும், தாளை அடைக்கும். கூடினால் ஊசித் துளைகள் வரும். அதோடு, மிஞ்சிய பெராக்சைடு மேலே ஊறி வந்து பெயின்ட்டில் மஞ்சள் திட்டாகத் தெரியும். நம் பக்கம் அதிகம் ஓடும் வெள்ளை வண்டிகளில் இந்தத் திட்டு நன்றாகவே கண்ணில் படும்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்படிப்பட்ட வேதிவினைகள் 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக நடக்கும். 25 டிகிரியில் ஐந்து நிமிடம் கையில் நிற்கும் பட்டி, சித்திரை வெயிலில் இரண்டு நிமிடத்தில் கட்டியாகிவிடும். இதற்குத் தீர்வு ஹார்டனரைப் பாதியாகக் குறைப்பது அல்ல. நிழலில் வேலை செய்யுங்கள், தகட்டைக் குளிரவிடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள்.

கலப்பதற்குக் கண்ணாடியோ தகரமோ பயன்படுத்துங்கள். அட்டை பிசினைக் குடித்துவிடும். கரண்டியால் கிண்டுவதுபோல் கிண்டினால் காற்றுக் குமிழ் உள்ளே போகும். தகட்டில் அழுத்தி, மடித்து, மீண்டும் அழுத்திக் கலக்க வேண்டும். கோடுகள் மறைந்து ஒரே நிறமாகும்வரை கலந்தால் போதும்.

5. போடுதல். முதல் பூச்சு மெல்லியது. அதைப் பலமாக அழுத்தித் தடவினால்தான் கோடுகளுக்குள் பட்டி இறங்கும், காற்று வெளியேறும். அதன்மேல் நிரப்பும் பூச்சு. பள்ளத்தின் ஓரத்தைத் தாண்டிச் சற்று அகலமாகவும், மட்டத்துக்கு மேலே சற்று உயரமாகவும் போட வேண்டும். இறுகத் தொடங்கிய பட்டியை மீண்டும் தடவினால் பிய்ந்து வரும். அதை விட்டுவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். மிச்சப் பட்டி இறுகும்போது சூடாகும். அதைத் தின்னர் துணி கிடக்கும் கூடையில் போடாதீர்கள்.

6. தேய்த்தல். சுமார் அரை மணி நேரத்தில் தேய்க்கும் பதத்துக்கு வரும். நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழ வேண்டும். தாளை விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் அளவுக்குப் பள்ளங்கள் விழும். மரக்கட்டையிலோ ரப்பர் பிளாக்கிலோ தாளைச் சுற்றி, பெருக்கல் குறிபோல் இரு பக்கமும் சாய்வாகத் தேய்க்க வேண்டும். 80-இல் உருவம் கொண்டுவந்து, 120, 180, பிறகு 240 என்று ஏறுங்கள். முந்தைய தாளின் கோட்டை அடுத்த தாள் அழிக்க வேண்டும். 80-இலிருந்து நேரே 400-க்குத் தாவினால் 80-இன் கோடுகள் பெயின்ட்டுக்கு அடியில் தங்கி, காய்ந்த பிறகு மேலே தெரியும். மட்டம் பார்ப்பதற்குக் கண்ணைவிடக் கை நல்லது. மெல்லிய துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்து, கதவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவுங்கள். பள்ளம் கையில் சொல்லும்.

7. பிரைமர். தகடு தெரியும் இடங்களுக்குத் துருவைத் தடுக்க எப்பாக்சி பிரைமர். அதன்மேல் சிறு கோடுகளை நிரப்பும் சர்ஃபேசர். காய்ந்தபின் கறுப்புப் பெயின்ட்டை மிக மெல்லிய தூவலாக அடித்துவிட்டு, 400-ஆம் நம்பர் தாளைப் பிளாக்கில் வைத்துத் தேய்த்தால் மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கும். இதை கைடு கோட் என்பார்கள். கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் போனால் மட்டம் சரி. சாதா நிறத்துக்கு 600 வரையும், மெட்டாலிக் நிறத்துக்கு 800 வரையும் தேய்த்து முடித்தால் கதவு பெயின்ட்டுக்குத் தயார்.

பம்பர் பற்றி ஒரு வார்த்தை. இப்போதைய பம்பர்கள் பிளாஸ்டிக். தகட்டுக்கான பட்டி அதில் வளையாமல் வெடிக்கும். பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் வளையும் பட்டியையும், பெயின்ட் பிடிக்க வைக்கும் பிளாஸ்டிக் பிரைமரையும் கேட்டு வாங்குங்கள்.

நம் தண்ணீரும் நம் காற்றும்

வெளியூர்ப் புத்தகத்தில் இல்லாத இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது தண்ணீர். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவே கூடாது. டால்க் குடித்த ஈரம் பெயின்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பிரைமரை மட்டும் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். ஆனால் நம் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். அது காய்ந்தால் உப்பு அங்கேயே தங்கும். பெயின்ட்டுக்கு அடியில் தங்கிய உப்பு, மழைக்காலத்தில் பெயின்ட் வழியாக ஈரத்தை உறிஞ்சி, ஊசிமுனைக் கொப்புளங்களை எழுப்பும். கடைசிக் கழுவலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரோ மழைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். கழுவியபின் நன்றாகக் காயவிட்டே பெயின்ட் அடிக்க வேண்டும்.

இரண்டாவது காற்று. ஆடியில் கரிசல் புழுதி எழும்பும் நாளில் திறந்த வெளியில் பெயின்ட் அடித்தால் முகம் பார்க்கும் பளபளப்பு கிடைக்காது. காற்று ஓய்ந்திருக்கும் விடியற்காலையே நல்ல நேரம். தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கம்ப்ரஸர் டாங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட மறக்காதீர்கள்.

பெற்றோர் கவனத்திற்கு: நெஞ்சும் கையும்

பட்டித் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. தேய்க்கும் வேலைக்கு என்95 முகக்கவசம் வேண்டும். ஆனால் என்95 தின்னர் ஆவியையோ ஸ்டைரின் ஆவியையோ தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய ரப்பர் முகக்கவசம் தேவை.

டூ கே என்று சொல்லும், ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்ட், பிரைமர், கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா வர உலகெங்கும் அறியப்பட்ட காரணம் இது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். அதன் பின் அந்தத் தொழிலையே விட வேண்டி வரலாம். இதை அடிக்கும்போது வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று தரும் முகமூடியே முழுப் பாதுகாப்பு. அது இல்லாத பட்டறையில் பழகும் பிள்ளை, ஸ்ப்ரே நடக்கும்போது அந்த இடத்தைவிட்டு வெளியே நிற்க வேண்டும். பிள்ளைக்கு வேலை முடிந்து இரவில் இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் சாதாரணச் சளி என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் என்ன தொழில் என்பதையும் சொல்லுங்கள்.

கை விஷயமும் முக்கியம். ஒளுச் செய்யும்போது தண்ணீர் தோலைத் தொட வேண்டும் என்பதற்காகப் பட்டறைப் பிள்ளைகள் தின்னரில் கையைக் கழுவிவிட்டுத் தொழுகைக்கு ஓடுவதுண்டு. தின்னர் தோலின் எண்ணெயை எடுத்து வெடிக்கச் செய்யும், உடம்புக்குள்ளும் ஊறும். இறுகிய பட்டியை அதுவும் கரைக்காது. வேலைக்கு முன்பே நைட்ரைல் கையுறை போட்டுவிட்டால் இந்தச் சிரமமே இல்லை. ஒட்டியிருந்தால் வேலை முடிந்தபின் தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவலாம். வேலைக்கு முன் எண்ணெய் பூசாதீர்கள், அது தகட்டில் பட்டால் பெயின்ட் பிடிக்காது.

பட்டறை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். பழைய வண்டிகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அத்தா வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பதை வீட்டில் வழக்கமாக்குங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். பானெட், கதவு, மட்கார்டு என்று ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். நல்ல தகட்டில் சட்டென்று ஒட்டும். கனத்த பட்டி இருக்கும் இடத்தில் இழுப்பு தளர்ந்துவிடும், அல்லது விழுந்துவிடும். அலுமினியம், பிளாஸ்டிக் பாகங்களில் ஒட்டாதது இயல்பு. விரல் முட்டியால் தட்டினால் தகடு கணீரென்றும் பட்டி மொத்தென்றும் சத்தம் தரும். பட்டி இருப்பதாலேயே வண்டி மோசம் என்று முடிவு செய்ய வேண்டாம். எதற்காகப் போட்டார்கள் என்று கேளுங்கள். பள்ளத்துக்கா, துருவுக்கா, பெரிய விபத்துக்கா என்பதுதான் கேள்வி.

விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்ததும் நாம் அறிந்த செய்தி. அரித்த தகட்டின்மேல் பட்டி பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்து விற்பது நனைந்த தானியத்தை அடியில் வைப்பதுதான். குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பதில் நஷ்டம் கொஞ்சம், பரக்கத் அதிகம். வேலை செய்யும் தம்பிக்கும் இதில் பங்கு உண்டு. "இந்த இடத்துக்கு வெல்டிங் வேண்டும், பட்டி மட்டும் போட மாட்டேன்" என்று சொல்லும் கைக்காரரைத் தேடித்தான் வாடிக்கையாளர் திரும்ப வருவார்.

பழகவும் பதியவும்

இந்தத் தொழிலுக்கு முறையான படிப்பு உண்டு. ஐ.டி.ஐ.களுக்கான மத்திய அரசின் பாடத்திட்டத்தில் வாகன பாடி பழுதுபார்ப்பு, வாகன பாடி பெயின்டிங் என்று தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. இரண்டும் ஓராண்டுப் படிப்பு. எந்த நிலையத்தில் இவை நடக்கின்றன என்பதைச் சேர்க்கை நேரத்தில் விசாரியுங்கள். தமிழ்நாட்டின் அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. சான்றிதழோடு கைப்பழக்கமும் சேர்ந்தால் கரூரின் பஸ் பாடிப் பட்டறைகளிலும், நாமக்கல், திருச்செங்கோடு லாரி பாடிப் பட்டறைகளிலும் வேலை தேடலாம். வளைகுடா செல்ல நினைப்பவருக்கும் சான்றிதழ் கைகொடுக்கும்.

ஏற்கெனவே பட்டறையில் இருப்பவர்கள், அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். 18 வயது முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு வாரிய உதவி உண்டு. தொழிலாளர் துறை அலுவலகத்தில் விவரம் கிடைக்கும்.

படித்ததைச் சரிபார்க்க

1. என்.சி. பட்டி ஏன் சுருங்குகிறது? பாலியஸ்டர் பட்டி ஏன் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை?
2. 250 கிராம் பட்டிக்கு 2 சதவீதக் கணக்கில் எத்தனை கிராம் ஹார்டனர்?
3. வெள்ளை வண்டியில் மஞ்சள் திட்டு தெரிந்தால் எந்தப் படியில் தவறு நடந்திருக்கும்?
4. கதவின் அடிவிளிம்பில் கொப்புளம். பட்டி போடலாமா? ஏன்?
5. என்95 எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

வீட்டில் பட்டறைக்குப் போகும் தம்பி இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்து, கேள்விகளுக்கு அவரையே பதில் சொல்லச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத்தையும் உடலில் ஆஃபியத்தையும் தருவானாக. வஸ்ஸலாம்.